ஃபைல் யார் கையில் இருக்கிறது?

(வேடந்தாங்கலில் பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காகிதத்தின் அருமையை இந்த ஊருக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது உங்கள் முன்னோர் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்றார்கள். 1798-இல் அவரிடம் உத்தரவு வாங்கியதாக இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். "சரி, பார்த்துக்கொள்கிறேன், போங்கள்" என்று அவர் வாயால் சொன்னதை நம்பித் திரும்பியிருந்தால், கலெக்டர் மாறிய அன்றே அந்த வாக்கும் போயிருக்கும். எழுத்தில் வாங்கினார்கள். 1936-இல் அரசே சரணாலயமாக ஏற்றுக்கொள்ளும்வரை தலைமுறை தலைமுறையாக அந்த உரிமையை விடாமல் வைத்திருந்தார்கள். தீபாவளிக்குக்கூட இங்கே வெடி வெடிப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரின் பெண்பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் காகிதங்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

மறைமலை நகரிலும் சிறுசேரியிலும் வேலை பார்த்த பையன்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். ஒரு மாச லீவில் வருகிறார்கள், கல்யாணம் முடிகிறது, திரும்பிப் போகிறார்கள். "ஸ்பான்சர் பண்ணியிருக்கார், ஆறு மாசத்தில் விசா வந்துடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பெண் காத்திருக்கிறாள். எந்த நாட்டுக்கு, எந்த வகையில், என்ன எழுதி விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. "அவருக்குத்தான் தெரியும்", அல்லது "ஏஜென்ட்டுக்குத் தெரியும்" என்கிறாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2013 ஆவணியில் மதுராந்தகத்தில் எனக்குக் கல்யாணம். வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்றுதான் அவரை முதல்முதலாகப் பார்த்தேன். இருபத்தாறு நாள் சேர்ந்து இருந்தோம். பிறகு அவர் டொராண்டோ திரும்பினார். அவர் பக்கத்துப் படிவத்தை அவரே பூர்த்தி செய்தார். என் பக்கத்தை சென்னையில் ஓர் ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அது தேவையும் இல்லை. பென்சிலில் புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். படித்துப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழு மாசம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நீங்கள் 2011-இல் ஒரு திருமண வீட்டில் சந்தித்து இரண்டு வருடம் பழகியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரோ 2013 ஜூனில் பெண் பார்க்க வந்தபோதுதான் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். விளக்கம் தேவை.' அதுதான் அதன் சாரம். படித்ததும் கை நடுங்கியது. காதலித்துச் செய்த கல்யாணம் என்றால் அதிகாரி சீக்கிரம் நம்புவார் என்று ஏஜென்ட் தானாகவே ஒரு காதல் கதை கட்டியிருக்கிறார். அந்தக் கதையின் அடியில் இருந்தது என் கையெழுத்து.

கனடாச் சட்டத்தில் பொய்த் தகவல் கொடுப்பது பெரிய குற்றம். நிரூபணமானால் இப்போது ஐந்து வருடம் அந்த நாட்டுப் பக்கம் விண்ணப்பிக்க முடியாது. எழுதியது ஏஜென்ட் என்று சொல்லித் தப்ப முடியாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. நானும் அவரும் இரண்டு ராத்திரி போனில் பேசி, நடந்ததை நடந்தபடியே மூன்று பக்கத்தில் எழுதினோம். தரகர் எப்படி ஜாதகம் கொண்டுவந்தார், யார் யார் பெண் பார்க்க வந்தார்கள், என்ன பேசினோம், படிவத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு என்று எல்லாவற்றையும் எழுதினோம். நான் தமிழில் எழுதியதை என் தம்பி மொழிபெயர்த்தான். அந்த அதிகாரி யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நம்பினார். அதற்குப் பிறகும் எட்டு மாசம் ஆனது. அந்த வருஷம் கூழைக்கடா வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சும் பறந்து போய்விட்டது. நான் அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்தேன்.

இப்போது நடைமுறையைச் சொல்கிறேன். கனடாவை விரிவாகவும் மற்ற நாடுகளைத் தொட்டும் சொல்கிறேன்.

கனடாவில் குடியுரிமை உள்ளவரோ நிரந்தரவாசியோ, அதாவது நாம் பி.ஆர். என்று சொல்கிறவரோ, மனைவியை அல்லது கணவரை அழைக்கலாம். பி.ஆர். மட்டும் உள்ளவர் அந்த நாட்டில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். பொதுவாக மனைவியை அழைக்கக் குறைந்தபட்ச சம்பளம் இவ்வளவு என்ற வரம்பு அங்கே கிடையாது. "இன்னும் சம்பளம் கூடட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று மாப்பிள்ளை வருஷக்கணக்கில் தள்ளினால், இந்த விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊனமுற்றோருக்கானது தவிர வேறு அரசு உதவிப் பணத்தில் வாழ்கிறவர் அழைக்க முடியாது. தானே வாழ்க்கைத் துணையாக ஸ்பான்சரில் போனவர், ஐந்து வருடம் கழியாமல் இன்னொரு துணையை அழைக்க முடியாது. மூன்று வருடம் உங்கள் சாப்பாடு, துணி, இருப்பிடத்துக்கு நான் பொறுப்பு என்று கணவர் அரசுக்கு எழுதிக்கொடுக்கிறார். நடுவில் பிரிந்துவிட்டாலும், விவாகரத்தே ஆனாலும், அந்த மூன்று வருடப் பொறுப்பு தீராது.

விண்ணப்பம் இணையத்தில் போகிறது. ஏற்றுக்கொண்டால் ஒரு கோப்பு எண் வரும். பிறகு கைரேகையும் புகைப்படமும் எடுக்கக் கடிதம் வரும், அதற்கு சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்குப் போக வேண்டும். மெடிக்கலை நம் குடும்ப டாக்டரிடம் எடுக்க முடியாது, அந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். போலீஸ் சான்றிதழான பி.சி.சி.க்கு பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நமக்குத் தாம்பரம் மையம் பக்கம். எல்லாம் முடிந்தபின் பாஸ்போர்ட் கேட்டுக் கடிதம் வரும். பன்னிரண்டு மாசம் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. சிலருக்கு அதற்கு முன்னாலேயே முடியும், சிலருக்கு நீளும். நடுவில் மூன்று நான்கு மாசம் ஒரு தகவலும் இருக்காது. அந்த மௌனத்தை நிராகரிப்பு என்று நினைத்து யாரும் சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

இந்தப் படிகள் எல்லாம் எளிது. கஷ்டமானது 'உறவு விவரம்' கேட்கும் படிவம், இப்போது ஐ.எம்.எம். 5532 என்ற எண்ணில் இருக்கிறது. எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், என்ன சடங்கு நடந்தது, எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள் என்று அதில் கேட்கிறார்கள். உண்மையான கல்யாணமா, குடியேறுவதற்காகச் செய்ததா என்பதுதான் இத்தனை கேள்விக்கும் பின்னால் இருக்கும் ஒரே கேள்வி.

அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மனசில் கல்யாணம் என்றால் ஒரு படம் இருக்கிறது. இந்தியக் கல்யாணம் என்றாலும் ஒரு படம் இருக்கிறது. உங்கள் கல்யாணம் அந்தப் படத்தில் பொருந்தாவிட்டால் சந்தேகம் வருகிறது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1979 ஜனவரியில், மணமுடிப்பதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய ஓர் இந்திய ஆசிரியையை, அவர் கன்னியா இல்லையா என்று மருத்துவரை வைத்து உடல் பரிசோதனை செய்தார்கள். கல்யாணமாகாத இந்தியப் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அந்த அதிகாரிகளின் மனசில் ஒரு படம் இருந்தது. பத்திரிகையில் வெளிவந்து பெரும் கண்டனம் எழுந்தபின்தான் நிறுத்தினார்கள். 1980-களில் தொடங்கி 1997 வரை அதே நாட்டில் இன்னொரு விதி இருந்தது. கல்யாணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அல்ல என்பதை வருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? எத்தனை குடும்பங்கள் வருஷக்கணக்கில் பிரிந்து கிடந்தன!

இன்றைக்கு அந்தக் கொடுமைகள் இல்லை. ஆனால் மனசில் இருக்கும் படம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் உங்கள் கல்யாணத்தை நீங்கள்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், செய்யூர் பக்கம். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மூன்று மாச லீவு. ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆவணியில் மாப்பிள்ளை விமானம் ஏறினார். கல்யாணமாகி இரண்டே மாசத்தில் ஏன் தனித்தனியாக இருந்தீர்கள் என்று கேள்வி வந்தது. நமக்கு அது கேள்வியே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடி என்றால் என்ன, சித்திரையில் குழந்தை பிறக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஏன் நினைத்தார்கள், ஆடிச் சீர் என்றால் என்ன, பதினெட்டாம் பெருக்கு அன்று மாப்பிள்ளையும் வந்து சாப்பிட்டது, அன்றைக்குத் தாலிக்கயிறு மாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி, மூன்று போட்டோ வைத்தோம். அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு வீட்டில் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்னி இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் அது சட்டப்படி செல்லும் கல்யாணம். அதை அதிகாரி அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு என்று எழுதி, இரண்டு வரியில் விளக்கம் கொடுத்தால் தீர்ந்தது.

கல்யாணத்தை அதிகாரிக்குப் புரியவைக்கும் இந்தப் பாடு ஈழத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் மாப்பிள்ளை கனடாவிலோ ஐரோப்பாவிலோ அகதி, ஊருக்குத் திரும்ப முடியாது. பெண் யாழ்ப்பாணத்தில். இருவரும் மூன்றாவது இடத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்தார்கள், திருச்சியும் சென்னையும் அப்படிப்பட்ட இடங்களாக இருந்தன. மானிடவியல் ஆய்வாளர் சித்தார்த்தன் மௌனகுரு இதை ஆராய்ந்து 2019-இல் ஒரு நூல் வெளியிட்டார். விசா அதிகாரி எந்தெந்தச் சடங்கின் படத்தைப் பார்க்க விரும்புவார் என்பதைக் கல்யாணப் புகைப்படக்காரர்களே தெரிந்துவைத்திருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். சொந்தக்காரர்கள் பார்த்துச் சந்தோஷப்பட எடுக்கும் ஆல்பம், சாட்சியாக மாறிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அந்த வேலையை அந்த ஆல்பம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் ஆல்பத்தில் ஐந்நூறு படம் இருக்கும். ஐந்நூறையும் அனுப்பாதீர்கள், இருபது போதும். மணமக்கள் தனியாக நிற்கும் ஸ்டூடியோப் படங்களும் மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த அவுட்டோர் படங்களும் அழகுதான், ஆனால் இங்கே உதவாது. பந்தியில் மாமனார் பரிமாறுவது, தாய்மாமன் சீர் கொண்டுவருவது, நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுவது, மறுவீட்டில் உங்கள் பாட்டி மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது, அந்த மாதிரிப் படங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, இடம், யார் யார், உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, போன் பேசிய பதிவு, அவர் அனுப்பிய பண ரசீது எல்லாம் சேர வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்புவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலையை முடித்துவிடுங்கள். சான்றிதழை வாங்கியதும் அந்த ஜன்னலிலேயே நின்று எழுத்துக்கு எழுத்து படியுங்கள்.

ஏனென்றால் நமக்கு இருக்கும் பெரிய சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரில் அதை விரித்து எழுதியிருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில். கல்யாணச் சான்றிதழில் அவசரப்பட்டுப் புருஷன் பெயரைச் சேர்த்திருப்பார்கள். நம் ஊரில் இவை எல்லாம் ஒரே பெண். அங்கே நான்கு பெண்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று, முன்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமானதும் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கும்போது மாற்றவே மாற்றாதீர்கள்.

இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டாரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது. மாப்பிள்ளைக்கு பி.ஆர். கிடைத்து கனடாவில் முதல்முறை இறங்கியது எந்தத் தேதி? கல்யாணம் அதற்கு முன்பா பின்பா? முன்பு என்றால், கல்யாணமானதை அவர் தெரிவித்தாரா? "தனி ஆள் என்றால் சீக்கிரம் கிடைக்கும்" என்று மறைத்திருந்தால், சொல்லப்படாத மனைவியைப் பிறகு அழைப்பதற்குச் சட்டமே குறுக்கே நிற்கும். கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளிவைத்தால் தீரக்கூடியது, ஒரு மறைவால் பல வருடத் துன்பமாகிவிடும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் அழைப்பவரின் வருமானம் முக்கியம். 2012 முதல் வருஷத்துக்கு 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். பெண்ணுக்கு அடிப்படை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. முதலில் 33 மாசத்துக்குத்தான் விசா. ஜெர்மனிக்குப் பெரும்பாலும் ஏ1 ஜெர்மன் தேர்ச்சி கேட்பார்கள், அதைச் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனிலேயே படித்து எழுதலாம். கல்யாணம் நிச்சயமான அன்றே படிக்க ஆரம்பியுங்கள். அமெரிக்காவில் குடியுரிமை உள்ளவரின் மனைவிக்கு எண்ணிக்கை வரிசை கிடையாது, கிரீன் கார்டு மட்டும் உள்ளவரின் மனைவிக்கு வரிசை உண்டு. நேர்காணலுக்கு நாமும் பொதுவாக மும்பைக்குத்தான் போக வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் போய் இறங்கினால் இரண்டு வருஷத்துக்கான நிபந்தனை அட்டைதான் தருவார்கள். அது முடியும் முன்பு கடைசி 90 நாளில் நிபந்தனையை நீக்க மனுப் போட வேண்டும். அந்தத் தேதியை உங்கள் சமையலறைக் காலண்டரில் நீங்களே எழுதி வையுங்கள்.

நிபந்தனை என்றால் என்ன என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். 2012 அக்டோபரில் கனடா அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. புதுசாகக் கல்யாணமாகி வருகிற மனைவி இரண்டு வருஷம் கணவரோடு சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். போகலாம் என்றது. நான் 2015 ஜனவரியில் இறங்கியது அந்த விதிக்குள். என் கணவர் நல்லவர். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். சண்டை வரும்போதெல்லாம் "ஒரு போன் போட்டால் உன்னை ஏற்றி அனுப்பிடுவாங்க" என்று அவள் கணவன் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு அந்த விதியிலேயே விலக்கு இருந்தது. அவளுக்கு அது தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். 2017 ஏப்ரலில் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு ஸ்பான்சரில் போகிற பெண்ணுக்குக் கனடாவில் இறங்கிய நாளிலிருந்தே பி.ஆர். சொந்தம். உண்மையாகக் கல்யாணம் செய்து, உண்மையைச் சொல்லிப் போனவளைக் கணவன் ஒரு போனால் திருப்பி அனுப்ப முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வன்முறைக்கு உள்ளான மனைவி தானே விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. கூட்டிப் போகாமல் இங்கேயே விட்டுவிட்டுப் போனவர்கள் விஷயத்தில், டெல்லியில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைப் புகார்களுக்கென்றே 2009 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. அப்பா அம்மா கௌரவம் பார்த்து மூடி வைக்காதீர்கள்.

நான் இறங்கிய அன்று குடியேற்ற அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி. இந்தப் படத்தில் இருப்பது நீதானா, எந்த விலாசத்தில் தங்கப் போகிறாய்? பதினைந்து மாசம் காத்திருந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே பனி. மறு வாரம் ஒரு கிளினிக்குக்குப் போனோம். செவிலியர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது, அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அதுதானே. மதுராந்தகத்தில் ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் நின்ற அப்பா, அங்கே முழுப் பெயராக ஒரு மருத்துவமனைக் கூடத்தில் அழைக்கப்பட்டார். எழுந்து போனேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இங்கேதான் இருப்பேன். விண்ணப்பம் போட்டிருப்பவர்கள் தங்கள் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள். நகல் இல்லாதவர்கள் இப்போதே கணவருக்கு போன் செய்து, முழு விண்ணப்பத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், இணையக் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் யாருக்காவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்து படிப்போம்.